வேர் தங்கினால் மண் தங்கும்

நெல் அறுவடை முடிந்ததும் வயல் வெறுமையாகிவிடுகிறது. உருளைக்கிழங்கு கிண்டியதும் மேட்டு நிலம் தலைகீழாகப் புரண்டு கிடக்கிறது. பயற்றங்கொடி காய்ந்தவுடன் பிடுங்கி எறியப்படுகிறது. ஆனால் வளவின் மூலையில் நிற்கும் பலாமரத்தின் அடியில் யாரும் வருடா வருடம் மண்ணைக் கொத்திப் புரட்டுவதில்லை. உம்மும்மாவின் காலத்தில் நடப்பட்ட மரம் பேரப்பிள்ளைகளுக்கும் காய்த்துக் கொண்டிருக்கிறது.

ஒரு முறை நட்டுப் பல வருடங்கள் பலன் பெறும் பயிர்களைப் பல்லாண்டுப் பயிர்கள் என்பர். பலா, ஈரப்பலா, தென்னை, மிளகு, கறுவா, கோப்பி, தேயிலை யாவும் இவ்வகையின. சமையலறை வாசலில் நிற்கும் கறிவேப்பிலையும் முருங்கையும் இரம்பையும் சேரையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றின் காயையும் இலையையும் நாம் அறிவோம். மண்ணுக்குக் கீழே இவை செய்யும் வேலையைத்தான் அதிகம் அறியோம். மரம் நடுவதன் நன்மையைச் சொல்லும் ஹதீஸ்கள் எமது வாசகியருக்குப் புதியவை அல்ல. பயான்களில் பல முறை கேட்டிருப்பீர்கள். நட்ட மரத்தின் அடியில் உள்ள மண்ணை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

மண்ணுக்குள் நடப்பது என்ன?

மண் என்பது வெறும் பொடி அன்று. நல்ல மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது சிறு சிறு உருண்டைகளாக உதிரும். இந்த உருண்டைகளை ஒட்டி வைத்திருப்பவை வேர்களும், வேர்களைச் சுற்றி வாழும் பூஞ்சணங்களும், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் ஆகும். இலையில் தயாராகும் சீனிச்சத்தில் ஒரு பகுதியை வேர் மண்ணுக்குள் கசிய விடுகிறது. அதை உண்டு வாழும் உயிர்கள் பசை போன்ற பொருள்களை வெளிவிடுகின்றன. அப்பசையே மண்துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. உருண்டைகளுக்கு இடையே உள்ள வெளிகளில் மழைநீர் இறங்குகிறது, காற்று புகுகிறது, மண்புழு ஊர்கிறது. இந்த மண்புழுவின் உழைப்பைப் பற்றி சார்ல்ஸ் டார்வின் 1881-ல் ஒரு தனி நூலே எழுதினார்.

ஒரு போகப் பயிரின் வேர் சில மாதங்களே உயிரோடிருக்கும். பயிர் போனதும் மேற்சொன்ன உயிர்களுக்கு உணவும் நின்றுவிடுகிறது. அடுத்த போகத்துக்காக நிலத்தை உழும்போது உருண்டைகள் உடைகின்றன. உள்ளே பத்திரமாக இருந்த மக்கல் காற்றுப்பட்டு வேகமாகச் சிதைந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உழுத நிலம் அந்தப் போகத்தில் செழிப்பாகக் காட்டும். ஆனால் பல வருடங்களாகச் சேர்ந்த இருப்பிலிருந்து எடுத்துத்தான் அந்தச் செழிப்புக் கிடைக்கிறது.

பல்லாண்டுப் பயிரின் வேரோ மழையிலும் வெயிலிலும் உள்ளேயே இருக்கிறது. அதன் மெல்லிய வேர்கள் செத்துச் செத்து மீண்டும் முளைக்கின்றன. செத்த வேர் ஆழத்திலேயே மக்கிப் போகிறது. மேலே சருகு விழுந்து மூடுகிறது. மழைத்துளி நேரடியாக மண்ணில் மோதுவதில்லை; இலையில் விழுந்து, சருகில் விழுந்து, வேகம் குறைந்து இறங்குகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட்டிக் கொள்ளுங்கள். தினமும் கூட்டும் முற்றத்திலிருந்து ஒரு மண் கட்டியையும், பல காலம் கொத்தாத மரத்தடியிலிருந்து அதே அளவான ஒரு கட்டியையும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களில் தண்ணீர் நிரப்பி மெதுவாகப் போடுங்கள். முற்றத்துக் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களில் கரைந்து சேறாகிவிடும். மரத்தடிக் கட்டி நெடுநேரம் உருக் குலையாமல் இருக்கும். மழை நாளில் உங்கள் வளவிலும் இதுவே நடக்கிறது.

மலை சொல்லும் கதை

இந்த வேறுபாட்டை எமது நாட்டின் மலைப்பகுதி பெரிய அளவில் பார்த்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடுகளை வெட்டி அங்கே கோப்பி பயிரிட்டார்கள். 1869-ல் மடுல்சீமைப் பக்கம் இலைத்துரு நோய் காணப்பட்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பித் தொழில் சரிந்தது. நோயைப் பற்றி எல்லோரும் பேசுவர். கோப்பிச் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் இல்லாமல் சுரண்டிச் சுத்தமாக வைத்திருந்ததால் மலைச்சரிவின் மேல்மண் ஆற்றோடு போனதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பியும் பல்லாண்டுப் பயிர்தான். அதன் பின் வந்த தேயிலையும் அப்படியே. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867-ல் தேயிலை நட்டார். அதே வகைச் செடிகளுள் சில நூறு வருடங்களைத் தாண்டியும் கொழுந்து தருகின்றன. ஆகவே செடி நீண்ட காலம் நின்றால் மட்டும் மண் பிழைத்துவிடாது. செடிக்குச் செடி இடையே உள்ள நிலம் மூடியிருக்க வேண்டும். நன்கு படர்ந்து தரையை மறைத்த தேயிலை மண்ணைக் காக்கிறது. இடைவெளி விழுந்த, களை முழுவதும் சுரண்டப்பட்ட தேயிலை காப்பதில்லை.

தேயிலையைவிடப் பாதிப்பானது சரிவுகளில் செய்யப்படும் கிழங்கு, மரக்கறிச் செய்கை. நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களில் உருளைக்கிழங்கு பலருக்குச் சோறு போடுகிறது. அதை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிழங்கை எடுப்பதே மண்ணைக் கிண்டித்தான். கிண்டிய கையோடு மழை வந்தால் நிலம் கீழே போகிறது. கீழே போன மண் எங்கே நிற்கிறது? மகாவலியின் நீரைத் திருப்பும் பொல்கொல்லை அணை 1976-ல் இயங்கத் தொடங்கியது. 1988 அளவில், பன்னிரண்டே வருடங்களில், அதன் கொள்ளளவில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தைச் சேறு பிடித்துக் கொண்டிருந்தது. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் எடுக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் போனது எவ்வளவு என்று விளங்கும்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. மண் பாதுகாப்புச் சட்டம் இங்கே 1951-ல் வந்தது. பலா போன்ற மரங்களை அனுமதியின்றி வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதே 1951-ல்தான் வந்தது. இரண்டும் ஒரே வருடத்தில் வந்தது தற்செயலோ என்னவோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பலாவும் பட்டினியும்

அதே மலைநாட்டில் மண் அதிகம் போகாத இடமும் உண்டு. அது கண்டி, மாத்தளை, கேகாலைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் காடு போலத் தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒருவர் வைத்தது. உயரத்தில் தென்னை, பலா, கமுகு. அடுத்த தட்டில் ஈரப்பலா, கராம்பு, சாதிக்காய். அதற்குக் கீழே கோப்பி, வாழை. மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. நிலத்தோடு நிலமாக இஞ்சி, மஞ்சள், வல்லாரை. ஐந்து தட்டு இலைகளைத் தாண்டி வரும் மழைக்கு மண்ணை அடித்துப் போகப் பலமில்லை. ஏதேனும் ஒன்று எந்த மாதமும் காய்க்கிறது. மிளகு விற்ற காசும் கராம்பு விற்ற காசும் எத்தனை பிள்ளைகளின் படிப்புக்கு உதவியிருக்கும்!

இத்தோட்டங்களின் நடுநாயகம் பலா. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பத்து இலட்சம் பலாக்கன்றுகள் நடும் இயக்கத்தை நடத்திய பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸை மக்கள் ‘கொஸ் மாமா’ என்றே அழைத்தார்கள். அரிசி கிடைக்காத காலத்தில் பசி போக்கும் மரம் என்பதே அவருடைய எண்ணம். 2022-ல் டொலரும் இல்லை, எரிவாயுவும் இல்லை, அரிசி விலை கைக்கெட்டவில்லை என்றிருந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் மதியச் சோற்றுக்குப் பதிலாகப் பலாக்காய் அவிந்தது. யாரோ எப்போதோ நட்ட மரம் அது. உரமும் கேட்கவில்லை, இறக்குமதியும் கேட்கவில்லை.

உரத்தின் கதை வேறு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகத்து நெல் விளைச்சல் கடுமையாக விழுந்துவிட்டது. சேதனப் பசளை நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் பைக்கற் உரத்தில் பழகிய வயலில் உயிர்ச்சத்து ஒரு வர்த்தமானி அறிவித்தலினால் திரும்பி வராது. பல வருடங்கள் வேரும் சருகும் குழையும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவர வேண்டும். அந்தக் கால அவகாசம் உழவருக்குக் கொடுக்கப்படவில்லை. அதன் விலையைச் சமையலறைகளில் பெண்கள்தான் கணக்குப் பார்த்தார்கள்.

நெல்லும் பல்லாண்டுப் பயிராகுமா?

எல்லாம் சரி, பலாவை நட்டு அரிசியை விட்டுவிட முடியுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். உலகின் பெரும்பாலான மக்கள் உண்பது நெல், கோதுமை, சோளம். மூன்றும் ஓராண்டுப் பயிர்கள். இந்தத் தானியங்களையே நிலைத்து நிற்கும் பயிர்களாக மாற்ற முடியுமா என்று சிலர் நீண்ட காலமாக முயன்று வருகிறார்கள்.

அமெரிக்காவில் இம்முயற்சிக்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. பல்லாண்டுப் புற்கள் அடர்ந்திருந்த பெருஞ்சமவெளிகளை உழுது கோதுமை விதைத்தார்கள். 1930-களில் வறட்சி வந்தபோது பிடித்து வைக்க வேரில்லாத மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14-ல் வந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. அந்நாளைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அதே மாத இறுதியில் அங்கே மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சமவெளி மாநிலங்களில் ஒன்றான கான்சஸில், சலைனா என்ற ஊரில், 1976-ல் வெஸ் ஜாக்சன் தொடங்கிய ‘தி லேண்ட் இன்ஸ்டிடியூட்’ என்ற நிறுவனம் கெர்ன்சா எனும் பல்லாண்டுத் தானியத்தை உருவாக்கியுள்ளது. அதன் வேர் மூன்று மீற்றர் வரை இறங்கக் கூடியது. ஆனால் விளைச்சல் கோதுமையைவிட மிகக் குறைவு. ஆகவே அது இன்னும் பெரிய அளவில் உணவாகவில்லை.

நெல்லில் கிடைத்த வெற்றி இதைவிடப் பெரியது. சீனாவின் யுன்னான் மாகாணத்து விஞ்ஞானிகள் சாதாரண நெல்லை ஆபிரிக்காவின் ஒரு பல்லாண்டுக் காட்டு நெல்லுடன் கலந்து, இருபது வருடங்களுக்கு மேல் தெரிவு செய்து தெரிவு செய்து, பி.ஆர். 23 என்ற இனத்தை 2018-ல் உழவர்களுக்குக் கொடுத்தார்கள். அறுத்த அடித்தாளிலிருந்து அது மீண்டும் தளிர்த்துக் கதிர் விடுகிறது. 2022-ல் வெளியான ஆய்வின்படி, ஒரே நடுகையில் நான்கு வருடங்களில் எட்டு அறுவடைகள் எடுத்தார்கள். சராசரி விளைச்சல் ஹெக்டயருக்கு 6.8 தொன்; வழக்கமான நெல்லுக்கு 6.7 தொன். மீண்டும் தளிர்த்த போகங்களில் வேலையாட்களின் உழைப்பு சுமார் 58 சதவீதமும் செலவு சுமார் 49 சதவீதமும் குறைந்தன. வயல் மண்ணில் கரிமச்சத்து வருடத்துக்கு ஹெக்டயருக்கு ஏறத்தாழ ஒரு தொன் வீதம் கூடியது. 2021-ல் மட்டும் 44,752 சிறு விவசாயிகள் இதைப் பயிரிட்டிருந்தார்கள்.

முழங்கால் சேற்றில் நாள் முழுதும் குனிந்து நாற்று நட்ட பெண்களுக்கு அந்த 58 சதவீதம் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. என்றாலும் இதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஐந்தாம் வருடத்தில் விளைச்சல் விழுகிறது. மீண்டும் நட வேண்டும். உழாத வயலில் களை கூடுகிறது. களைநாசினி அதிகம் தேவைப்படுகிறது. கடும் குளிரும் நீர்ப் பற்றாக்குறையும் உள்ள இடங்களுக்கு இது ஒத்துவராது. வயலை விஞ்ஞானிகளும் உழவர்களும் பார்த்துக் கொள்ளட்டும். எமது கைக்குள் இருப்பது வளவு.

விளக்குமாறும் தீப்பெட்டியும்

எமது வீடுகளில் சுபஹு தொழுத கையோடு முற்றம் கூட்டுவது பழக்கம். ஓர் இலை கிடந்தாலும் வீட்டுக்கார அம்மாவுக்கு மனம் பொறுக்காது. கூட்டிய சருகை மூலையில் குவித்துத் தீ வைத்துவிடுகிறோம். வருடக் கணக்கில் இப்படிக் கூட்டிய வளவில் மாமரத்தின் வேர் தரைக்கு மேலே நரம்பு போலப் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர் மேலே வரவில்லை; அதை மூடியிருந்த மண்தான் போய்விட்டது. அந்த மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தில் பெரும்பகுதியை இலை வழியாகத் திருப்பிக் கொடுக்கிறது. நாம் அதை இடைமறித்து எரித்துவிட்டு, கடையில் பசளை வாங்குகிறோம். புகை குழந்தைகளின் நெஞ்சுக்கும் ஆகாது.

சுத்தம் எமது மார்க்கத்தில் எவ்வளவு அழுத்தமாகச் சொல்லப்பட்டது என்பதை நான் வகுப்பில் வருடா வருடம் கற்பிக்கிறேன். ஆனால் சருகு நஜீஸ் அல்ல, குப்பையும் அல்ல. வீட்டைச் சுற்றி நாலைந்து அடியும் நடைபாதையும் கூட்டியிருக்கட்டும். பாம்பு, பூச்சிக்கு அதுவே பாதுகாப்பு. மற்றச் சருகை மரத்தடிகளில் பரப்புங்கள். அடிமரத்தோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும். ஒட்டினால் பட்டை அழுகும். டெங்கு நுளம்பு பற்றிய பயம் நியாயமானது. சிரட்டை, யோகட் கோப்பை, பொலித்தீன் எதுவும் அதில் கலக்கக் கூடாது. ஈரப்பலா இலையும் கமுகம் பாளையும் குழிந்து நீர் பிடிக்கும். அவற்றைத் துண்டாக்கிப் போடுங்கள்.

‘மௌலவி, மாட்டெருப் போட்டு வளர்த்த கீரையைச் சமைக்கலாமா?’ என்று பெண்கள் கேட்பதுண்டு. எமது ஷாபிஈ மத்ஹபில் எரு நஜீஸ்தான். ஆயினும் அதை நிலத்துக்கு உரமாக இடலாம். அதில் வளர்ந்த பயிர் உண்ண ஆகுமானதே. எரு பட்ட இடத்தைக் கழுவிக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முன்னைய முஸ்லிம் அறிஞர்கள் இவ்விடயங்களை அருவருப்பாகப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியாவில், இன்றைய செவில் நகரில், வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய ‘கிதாபுல் பிலாஹா’ எனும் விவசாய நூல் மண் வகைகளை அறிவதோடுதான் தொடங்குகிறது. அதையடுத்து எருவைப் பற்றி எழுதுகிறார். மரங்கள் அதற்குப் பின்புதான் வருகின்றன.

இப்போது புதிய ஆபத்து ஒன்றும் வந்திருக்கிறது. கொஞ்சம் வசதி வந்ததும் முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடுகிறோம், அல்லது இன்டர்லொக் கல் பதிக்கிறோம். மழைநீர் இறங்க இடமில்லாமல் வீதிக்கு ஓடுகிறது; கிணறு கோடையில் வற்றுகிறது; இலை உதிர்க்கிறது என்று இருந்த மரமும் வெட்டப்படுகிறது. வாகனம் நிறுத்த வேண்டிய இடத்துக்கு மட்டும் கல் போதும் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். சீமெந்துக்கு அடியில் போன மண்ணைப் பிறகு உயிர்ப்பிப்பது சுலபமல்ல.

பத்துப் பேர்ச்சஸ் காணியில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பலாவுக்கு அங்கே இடமிருக்காது. முருங்கைக் கொம்பு ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, எலுமிச்சை ஒன்று, கழுவிய நீர் போகும் பக்கத்தில் இரம்பையும் வல்லாரையும், வேலியோரம் சேரை. இவ்வளவுக்கு எந்த வளவிலும் இடமுண்டு. காத்தான்குடி போன்ற கிழக்கின் கரையோர மணல் நிலத்தில் நீர் நிற்காது. அங்கே மாதுளையும் எலுமிச்சையும் தென்னையும் பொருந்தும். தேங்காய்ப் பொச்சை எரிக்காமல் மரத்தைச் சுற்றிக் குழி வெட்டிப் புதைத்தால் அது பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல மக்கும்.

மலைப்பக்கத்தில் இருப்போருக்கு, குறிப்பாகச் சரிவான காணி உள்ளோருக்கு, கிளிசரிடியா வேலி போல உதவுவது வேறொன்றும் இல்லை. இது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். வேரில் உள்ள முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள நைதரசனை எடுத்துக் கொள்கிறது, குழை சீக்கிரம் மக்கும், ஆட்டுக்கும் போடலாம். பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில் 1970-களில் சரிவு நிலங்களில் குறுக்கு வரிசைகளாக இத்தகைய மரங்களை நெருக்கி நட்டு, இடையில் பயிர் செய்யும் முறையை உருவாக்கினார்கள். ‘சால்ட்’ முறை என்ற பெயரில் அது இங்கும் அறிமுகமானது. வரிசையின் மேற்பக்கத்தில் மண் தங்கித் தங்கி, சில வருடங்களில் சரிவு தானாகவே படிக்கட்டாகிவிடும். மரம் வைக்க மனமில்லாதவர்கள் அதே வரிசையில் வெட்டிவேர் வைக்கலாம்.

நடும் முறை எளிது. மழை தொடங்கும்போது பெருவிரல் தடிப்புக்குக் குறையாத முற்றிய கொம்புகளை வெட்டுங்கள். சரிவில் மேலிருந்து கீழாக நடக்கூடாது. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் நட வேண்டும். வேர் பிடித்து நன்றாகத் தழைத்ததும், அடுத்த மழையில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மிளகுக் கன்றை வைத்துக் கொடியைக் கட்டிவிடுங்கள். மிளகு காய்க்க ஏறத்தாழ மூன்று வருடமாகும். அதுவரை நிழல் கூடும்போதெல்லாம் கிளிசரிடியாக் கிளைகளை வெட்டி, குழையை மிளகின் அடிக்கே போட்டு வாருங்கள்.